வராதவரும் கணக்கில் வரவேண்டும்

விழா மலர்களிலே எண்களுக்குக் குறைவிருப்பதில்லை. கல்லூரி தொடங்கிய காலத்தில் எத்தனை மாணவர் பயின்றனர், இன்று எத்தனை பேர் பயில்கின்றனர், பரீட்சையிற் சித்தியெய்தியோர் எத்தனை வீதத்தினர், வைத்தியராயும் பொறியியலாளராயும் உயர்ந்தோர் எத்தனை பேர் என்றெல்லாம் பெருமையுடன் எழுதுகின்றோம். அது தக்கதே. ஆயினும், கல்வித்துறையிற் பழகியோர் யாவரும் அறிந்த உண்மையொன்றுண்டு. 100 மாணவர் பயின்ற வகுப்பிலே, தேறமாட்டார் எனக் கருதப்பட்ட 40 பேரைப் பரீட்சைக்கு அனுப்பாது நிறுத்திவிட்டு, எஞ்சிய 60 பேருள் 54 பேர் சித்தியெய்துவாராயின், தனது பெறுபேறு 90 வீதம் என ஒரு பாடசாலை பறைசாற்றலாம். அதில் ஒரு சொல்லேனும் பொய்யன்று. வகுப்பு முழுவதையும் கொண்டு கணித்தாலோ பெறுபேறு 54 வீதமே. நிறுத்தப்பட்ட 40 பேருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் முதலாவது எண்ணினால் விளையும் பயன் யாது?

இவ்வினாவை இன்று வைத்தியசாலைகளை நோக்கியும் எழுப்பவேண்டியுள்ளது. சிறப்பாக, மனச்சோர்வு என்னும் நோய்க்கு அளிக்கப்படும் சிகிச்சையின் தரத்தை எவ்வாறு அளப்பது என்பதிலே அறிஞரிடையே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் ஆராய்ச்சி, முடிவில் இப்பாடசாலைக் கணக்கிலேயே வந்து நிற்கின்றது. யாரைக் கொண்டு வகுக்கின்றோம் என்பதே கேள்வி.

மனச்சோர்வென்பது துன்பம் நேர்ந்தவிடத்து எவர்க்கும் தோன்றும் கவலையன்று. வாரக்கணக்காக நீங்காத துயரம், எதிலும் நாட்டமின்மை, நித்திரைக் குழப்பம், உணவில் வெறுப்பு, உடற்சோர்வு, தன்னைத் தானே இகழ்தல், சில வேளைகளில் இறப்பினை நாடும் எண்ணம் ஆகியன ஒருங்கு கூடி ஒருவரை முடக்கும் நோய் அது. உலகிலே வளர்ந்தோருள் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் இதனால் வருந்துகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. எமது யாழ்ப்பாண மாவட்டத்திலோ, போர் முடிவுற்ற 2009 ஆம் ஆண்டின் யூலை முதல் செப்ரெம்பர் வரை 1517 குடும்பங்களிடையே நடாத்தப்பட்ட ஆய்வொன்று, மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதத்தினரிடம் காணப்பட்டன எனக் கூறிற்று. ஐவருள் ஒருவருக்கு மேல் என்பது அதன் பொருள். நோயுற்றோரை எண்ணினார்கள், நன்று. அவருள் எத்தனை பேர் சிகிச்சை பெற்றனர், பெற்றவருள் எத்தனை பேர் தேறினர் என்பதை அதே கருத்தோடு எண்ணுதல் அடுத்த கடமையன்றோ?

சிகிச்சையின் முடிவை எண்ணவேண்டும் என்னும் கருத்துப் புதியதன்று. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே ஏர்னஸ்ற் கொட்மன் என்னும் சத்திரவைத்தியர், தம்மிடம் வந்த ஒவ்வொரு நோயாளிக்கும் சிகிச்சையால் இறுதியில் விளைந்தது யாது என்பதைப் பின்தொடர்ந்து பதிதல் வேண்டுமென வற்புறுத்தினார். அக்கால வைத்திய உலகம் அதனை விரும்பவில்லை. தாம் பணிபுரிந்த பெருவைத்தியசாலையிலிருந்து 1914 இல் அவர் விலகினார். தாமே நடாத்திய சிறு வைத்தியசாலையிலிருந்து 1911 முதல் 1916 வரை வெளியேறிய 337 நோயாளரின் வரலாற்றை ஆராய்ந்து, அவற்றிலே நேர்ந்த 123 பிழைகளையும் அவர் வெளிப்படையாக அச்சிட்டார். பிழையை மறைப்பவனிலும் அதனை எண்ணுபவனே நோயாளிக்கு உற்றவன் என்பது அவர் வாழ்ந்து காட்டிய நெறி.

பின்னர், 1966 ஆம் ஆண்டிலே, அவேடிஸ் டொனபெடியன் என்னும் பேராசிரியர் வைத்தியத்தின் தரத்தை மூன்று கூறாகப் பகுத்துக் காணும் வழியை வகுத்தார். கட்டடம், ஆளணி, மருந்து, கருவி ஆகியன அமைப்பு என்பதனுள் அடங்கும். வைத்தியர் செய்தது யாது என்பது செய்முறை. நோயாளிக்கு இறுதியில் விளைந்தது பயன். இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. அமைப்பில்லையேற் செய்முறையில்லை, செய்முறை சீர்கெடின் பயன் விளையாது. எனினும் எண்ணுதற்கு எளியன முன்னிரண்டுமே. எத்தனை கட்டில்கள், எத்தனை வைத்தியர், ஒரு மாதத்திற் கிளினிக்கிற்கு வந்தோர் எத்தனை பேர், வழங்கிய குளிசைகள் எத்தனை என்பனவற்றை ஓர் எழுதுவினைஞர் மாலைக்குள் கூட்டி முடித்துவிடலாம். எளிதில் எண்ணக்கூடியவற்றையே எண்ணி மன நிறைவடைதல் நிருவாகங்களின் இயல்பு.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே நெடுங்காலம் வழங்கிய ஓர் அளவையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கிய ஒருவர் 84 நாட்களுக்கும், பின்னர் 180 நாட்களுக்கும் அதனைத் தொடர்ந்து பெற்றாரா என்பதை மருந்துக்கடைப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டனர். அதனை அறிவீனமென்று தள்ளிவிட இயலாது. இம்மருந்துகள் பலன்தரச் சில வாரங்கள் செல்லும். குணங்கண்ட பின்னரும் சில மாதங்கள் தொடராவிடின் நோய் திரும்புதல் கூடும். ஆதலின் மருந்தை இடையில் நிறுத்தாதிருத்தல் நல்ல சிகிச்சையின் ஓர் அடையாளமே. ஆனால் வாங்கிய குளிசை விழுங்கப்பட்டதா என்பதைக் கடைப்பதிவு கூறாது. விழுங்கியவர் தேறினாரா என்பதையும் கூறாது. 180 நாள் மருந்துண்டும் அதே இருளிற் கிடப்பவர் அக்கணக்கிலே வெற்றியாக எண்ணப்படுவார்.

காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு, நீரிழிவுக்கு இரத்தப் பரிசோதனை உண்டு, மனத்தின் நோவை எக்கருவி கொண்டு அளப்பது என்று சிலர் வினவலாம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த மக்ஸ் ஹமில்ரன் என்பார், வைத்தியர் நோயாளியுடன் உரையாடிப் புள்ளியிடும் அளவுகோலொன்றை 1960 இல் வெளியிட்டார். அதிலும் எளியது 2001 இல் வெளிவந்த ஒன்பது வினாப் பத்திரம். நோயாளி தாமே நிரப்பக்கூடிய அது, கடந்த இரு வாரங்களிலே நாட்டமின்மை, துயரம், நித்திரை, களைப்பு, பசி, தன்னிகழ்ச்சி, கவனக்குறைவு, நடமாட்டத்திலும் பேச்சிலும் மந்தம் அல்லது பரபரப்பு, இறப்பெண்ணம் ஆகியன எத்தனை நாட்கள் இருந்தன என்று வினவுகின்றது. ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வருமாயின் நோய் இருத்தல் கூடுமெனக் கொண்டு வைத்தியர் ஆராய்வார். சிகிச்சையின் பின் ஐந்திற்குக் கீழ் இறங்குமாயின் நோய் தணிந்ததெனக் கொள்வர். இஃது இரத்தப் பரிசோதனை போல் நுண்ணியதன்று. ஆயினும் கடதாசியும் பேனாவும் ஐந்து நிமிடமும் இருந்தாற் போதும்.

இவ்வாறு பயனையே எண்ணத் துணிந்த இரு நாட்டு முயற்சிகளை ஒப்பிடுதல் தகும். இங்கிலாந்திலே 2008 இல் தொடங்கப்பெற்று 2023 முதல் பேச்சுச் சிகிச்சைச் சேவை என்னும் பெயருடன் இயங்கும் அரசாங்க ஏற்பாட்டில், நோயாளி வருந்தோறும் இவ்வொன்பது வினாக்களும் கேட்கப்படுகின்றன. சிகிச்சை முடித்தோரில் 50 வீதத்தினர் தேறவேண்டும் என்பது அவர்கள் வகுத்த இலக்கு. 2017 ஆம் ஆண்டளவில் அதனை எட்டினர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலோ, நோயுடன் கண்டறியப்பட்டோருள் ஆறாம் மாதத்திலே ஐந்துக்குக் குறைந்த புள்ளி பெற்றவர் எத்தனை பேர் எனக் கணக்கிட்டனர். தொடக்க ஆண்டுகளில் வந்த விடை 10 வீதத்துக்கும் குறைவு.

அங்கே பாதிப்பேர், இங்கே பத்திலொருவருக்கும் குறைவு. இங்கிலாந்து வைத்தியர் அமெரிக்க வைத்தியரிலும் ஐந்து மடங்கு வல்லவரோ? அல்லர். தேறினாரென்பதற்கு வகுத்த எல்லை இரண்டிடத்தும் ஒன்றன்று; அளந்த காலமும் ஒன்றன்று. எல்லாவற்றினும் மேலாக, வகுத்த தொகை வேறு. இங்கிலாந்துக் கணக்கிலே இரு முறையேனும் சிகிச்சைக்கு வந்து முடித்தவரே எண்ணப்படுவர். ஒருமுறை வந்து மறைந்தவர் அத்தொகையுட் சேரார். மினசோட்டாக் கணக்கிலோ ஆறாம் மாதத்திலே மீண்டும் அளக்கப்படாதவர் அனைவரும் தேறாதவராகவே கொள்ளப்பட்டனர். அத்தகையோர் மிகப் பலர். பாடசாலைக் கணக்கின் இரு வடிவங்களும் ஈண்டு எம்முன் நிற்கின்றன.

இவற்றுள் எது சரியென வினவின், இரண்டிலிருந்தும் கற்றல் வேண்டும் என்போம். ஒவ்வொரு வரவிலும் அளத்தல் இங்கிலாந்து கற்பிக்கும் பாடம். அவ்வாறு செய்தால், ஒருவர் எந்நாளில் நின்றுவிட்டாலும் அவரது கடைசி நிலை எமக்குத் தெரிந்திருக்கும். தொடங்கிய எவரையும் தொகையிலிருந்து நீக்காமை மினசோட்டா கற்பிக்கும் பாடம். கணக்கு அழகற்றதாயினும், வராதவரைத் தேடிச்செல்லும் பொறுப்பை அது வைத்தியசாலையின் தோளில் ஏற்றுகின்றது.

இந்நோயிலே அப்பொறுப்பு இரட்டிப்பாகின்றது. கை முறிந்தவர் மீண்டும் வராவிடின் கை பொருந்திவிட்டது போலும் என்று ஒருவாறு ஊகிக்கலாம். மனச்சோர்வுற்றவர் வராமைக்குக் காரணம் அந்நோயாகவே இருத்தல் கூடும். எழுந்து முகங்கழுவும் முயற்சியும் இயலாதவர், பஸ் ஏறிப் பட்டினம் சென்று வரிசையில் நிற்பாரா? தாம் பிறர்க்குப் பாரமென எண்ணுபவர், தமக்காக ஒருவரைத் துணைக்கு அழைப்பாரா? மருந்தினால் உண்டான தொல்லையால் நின்றவர் உளர். அயலார் காண்பரே என நாணி நின்றவர் உளர். பஸ் காசின்றி நின்றவர் உளர். குணமடைந்து நின்றவரும் உளர். என்றுமே வரவியலாதவராய்விட்டோரும் உளராகலாம். அட்டையிலே இவர் அனைவருக்கும் எழுதப்படுவது 'வரவில்லை' என்னும் ஒரே சொல். அச்சொல்லின் பின்னால் இருப்பது யாதென அறியாத வைத்தியசாலை தன் தரத்தை அறிந்ததாகாது.

மருத்துவம் என்பது நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் எனும் நான்கினால் ஆவது என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் உணர்த்தும் உண்மை. நாலாமவரை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். அமெரிக்காவிலே 18 சிகிச்சை நிலையங்களில், 60 வயதுக்கு மேற்பட்ட 1801 பேரைக் கொண்டு நிகழ்ந்து 2002 இல் வெளியான ஆராய்ச்சியொன்று அவரது அருமையைக் காட்டிற்று. ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சை. மறு பகுதியினருக்கு அதனுடன் ஓர் தாதியோ உளவியலாளரோ துணையாக அமர்த்தப்பட்டு, அவர் நோயாளரின் பெயரேட்டைக் கையில் வைத்து, தொலைபேசியில் விசாரித்து, நிலைமையைத் தவறாது அளந்து, குணங்காணாதவரைப் பற்றி வைத்தியருக்கு அறிவித்து வந்தார். ஓராண்டு முடிவில் துணையாளரைப் பெற்றோரில் ஏறத்தாழ 45 வீதத்தினருக்கு நோயின் கடுமை பாதியளவேனும் குறைந்தது. மற்றையோரில் அவ்வாறு குறைந்தது 19 வீதத்தினருக்கே. அங்கு வேறுபாட்டை விளைத்தது எண்ணிப் பார்த்து, எண்ணியதற்கேற்பச் செயற்பட்ட ஓர் ஆள்.

இக்கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவும் உள. அவற்றை நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். அளவையே இலக்காகிவிடின் அளவை கெடும் என்பது முதலாவது தடை. சாள்ஸ் குட்ஹாட் என்னும் பிரித்தானியப் பொருளியலறிஞர் 1975 இல் கூறிய கருத்திலிருந்து பிறந்து அவர் பெயராலேயே வழங்கும் விதி இது. பிரித்தானியாவிலே இத்தகைய வினாப்பத்திரங்களைப் பயன்படுத்தும் குடும்ப வைத்தியருக்குக் கொடுப்பனவு வழங்கும் முறை 2006 இல் வந்தது; 2013 இல் கைவிடப்பட்டது. வைத்தியர் பலர் அதனை ஐயத்துடன் நோக்கினர். எனினும் அக்காலத்து ஆய்வொன்று வியத்தகு செய்தியொன்றைக் கூறுகின்றது. நோயாளர் அப்பத்திரத்தை வைத்தியரிலும் அதிகம் விரும்பினர்; தமது நோவை ஒருவர் பொருட்படுத்தி வினவுகின்றார் என்பதற்கு அது சான்றாக அவர்களுக்குத் தோன்றிற்று. ஆகவே அளத்தலைக் காசோடு பிணைக்காதிருப்போம்; அளத்தலைக் கைவிடாதிருப்போம்.

மொழி பற்றியது இரண்டாவது தடை. எம்மூர்களிலே மனச்சோர்வெனச் சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் செல்வோர் சிலரே. உடம்பு உளைவு, நெஞ்செரிவு, தலையிடி, நித்திரையின்மை, ஒரே யோசனை என்றே பெரும்பாலோர் முறையிடுவர். பிறமொழியில் எழுந்த வினாவைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கையிற் கொடுத்தால், நோயாளி விளங்காமலே புள்ளியிடுவார். எழுத்தறியாத முதியோருக்கு வாசித்துக் காட்டல் வேண்டும். அதுவும் தனியிடத்தில், மருமகளும் மகனும் சூழ நில்லாதவிடத்தில். புள்ளியோடு வேறு சிலவும் கேட்கப்படல் வேண்டும். தோட்டத்துக்கு மீண்டும் இறங்கினாரா, அடுப்படிக்குத் திரும்பினாரா, கோயிற் கொடியேற்றத்துக்குச் சென்றாரா என்பனவே அவருக்குச் சுகத்தின் அடையாளங்கள்.

மூன்றாவது தடை மிக நுண்ணியது. பயன் விளைந்தவிடத்தெல்லாம் அது சிகிச்சையால் விளைந்ததென்று கொள்ளலாகாது. மனச்சோர்வு சிலருக்குக் காலத்தாலே தானும் தணியும். எமது நாட்டிலேயே பெரியதோர் சான்றுண்டு. இலங்கையில் தற்கொலை 1995 இலே 100,000 பேருக்கு ஏறத்தாழ 47 என்னும் உச்சத்தை அடைந்து, 2005 அளவில் அதிற் பாதியாயிற்று. கொடிய பூச்சிநாசினிகளை அரசாங்கம் கட்டுப்படுத்தியதே அதற்குத் தலையாய காரணமென ஆய்வாளர் காட்டினர். அவ்வீழ்ச்சியை உளநல சிகிச்சையின் வெற்றியென்று எழுதியிருப்பின் அது தவறாயிருக்கும். எண்ணியமையாலேதான் அவ்வுண்மை வெளிப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. எனவே, ஒரு வைத்தியசாலையை மற்றொன்றோடு போட்டிக்கு நிறுத்தி வரிசைப்படுத்த இவ்வெண்களைப் பயன்படுத்துதல் முறையன்று. வறுமையும் இழப்பும் மிகுந்த பிரதேசத்தின் நோயாளரும் வசதி மிக்க நகரத்தின் நோயாளரும் ஒரே தராசில் நிற்பவரல்லர். ஒரு வைத்தியசாலை தன் சென்ற ஆண்டோடு தன்னையே ஒப்பிடுவதே நேர்மையான ஒப்பீடு.

இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டு நாம் வேண்டுவது பெரிதன்று. மனச்சோர்வுக்குச் சிகிச்சை தொடங்கும் ஒவ்வொருவர் பெயரும் ஓர் ஏட்டில் ஏறவேண்டும்; ஏறிய பெயர் எக்காரணம் பற்றியும் தொகையிலிருந்து நீங்கலாகாது. வருந்தோறும் ஒன்பது வினாக்களும் எமது தமிழிற் கேட்கப்படவேண்டும். இறப்பெண்ணம் பற்றிய ஒன்பதாம் வினாவுக்கு விடையளித்தவரின் தாள் அன்றே வைத்தியர் கண்ணிற்படல் வேண்டும். கோப்பினுள் உறங்கும் தாள் எவரையும் காவாது. குறித்த நாளில் வராதவரை ஒரு வாரத்துக்குள் ஒருவர் விசாரித்தறிதல் வேண்டும். ஆறு மாதங்கள் கழிந்தபின், தொடங்கியோர் எத்தனை பேர், தேறினோர் எத்தனை பேர், தேறாதோர் எத்தனை பேர், அறியப்படாதோர் எத்தனை பேர் என நான்கு எண்கள் பெயர் குறிக்காது வெளியிடப்படல் வேண்டும். நாலாவது எண் ஆண்டுதோறும் சிறுத்து வருமாயின் அவ்வைத்தியசாலை நல்வழியிற் செல்கின்றதெனத் துணியலாம்.

இதனைக் கல்லூரி மலரொன்றில் எழுதுவதற்கு ஏது உண்டு. எம் பழைய மாணவருள் வைத்தியர் உளர், கணக்காளர் உளர், நிருவாக உத்தியோகத்தர் உளர், ஆசிரியர் உளர். ஒன்பது வினாக்களை நல்ல தமிழில் அமைக்கவல்ல புலவரும் உளர். கடல் கடந்து வாழ்வோர் பிறந்த ஊரை மறவாது அனுப்பும் பணத்தால் விடுதிகளும் கட்டடங்களும் எழுகின்றன. கொடுத்தோர் பெயர் கல்லிற் பொறிக்கப்படுகின்றது. அவை அனைத்தும் டொனபெடியன் கூறிய முதற் கூறாகிய அமைப்பினுள் அடங்குவன, தேவையானவையே. ஆயின் ஒரு தாதியின் சைக்கிளுக்கும், தொலைபேசிக் கட்டணத்துக்கும், ஏழை நோயாளியின் பஸ் காசுக்கும் கொடுக்கப்படும் பணத்துக்குக் கல்வெட்டில்லை. அப்பணத்தினால் மீண்டும் வைத்தியரிடம் வந்து சேர்ந்தவரின் பெயரும் எங்கும் பொறிக்கப்படாது, பொறிக்கப்படவும் கூடாது.

வகுப்பறையிலே ஆசிரியர் இடாப்பு எடுக்கும்போது, ஒரு பெயருக்கு விடை வராவிடின் அடுத்த பெயருக்குச் செல்லுமுன் தலைநிமிர்ந்து பார்ப்பார். அவன் எங்கே என்று அருகிருந்தவனைக் கேட்பார். நல்ல ஆசிரியர் மாலையில் வீட்டுக்கும் செல்வார். வைத்தியசாலையின் இடாப்பும் அவ்வாறே எடுக்கப்படுதல் வேண்டும் என்பதே எமது விண்ணப்பம்.